பட்டியலில் இல்லாதது

எல்லாத்தையும் ஒரே கடையில வாங்காதீய என்றாள்.
அதனால் கையுறை ஏர்வாடியில்,
பஞ்சு வள்ளியூரில்,
டெட்டால் நாங்குநேரி பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில்.
குட்டியானையில் தார் இறக்கிவிட்டுத்
திரும்பும் வழியெல்லாம்
களவுச் சரக்கு சேர்ப்பவன்போலச் சேர்த்தேன்.

பட்டியல் அவள் எழுதியது.
மிருதுளாவின் ஒண்ணாங்கிளாஸ் நோட்டில்,
வால் வரையாமல் விட்ட அணிலைச் சுற்றி:
புது பிளேடு, உறை பிரிக்காதது.
கொடிக்குக் கிளிப். கிடைக்கலைன்னா
வெள்ளை நூல், வெந்நீரில் போட்டு எடுக்க.
ரப்பர் ஷீட் ரெண்டு மீட்டர்.
பழைய வேட்டி எத்தனை இருக்கோ அத்தனை.
கடைசியில், அணிலின் காலடியில்,
டார்ச்சுக்கு பேட்டரி.
சாரல் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் மாவடியில்
கரண்டுக்கு நேரம் காலம் கிடையாது.

வள்ளியூர் மெடிக்கலில் ஒரு பையன் கேட்டான்:
'கையுறை எதுக்கு அண்ணாச்சி?'
'மாடு கன்னு போடப் போவுது.'
'எத்தனாவது ஈத்து?'
'ரெண்டாவது.'
அது மட்டும் பொய்யில்லை.

முதல் பிரசவம் ஐகிரவுண்டில்.
நான் வெளியே டிபன் வாளியோடு நின்றேன்,
ரசம் ஆறுகிற கவலையில்.
உள்ளே நடந்ததை
மூணு வருஷம் கழித்து
பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.
கத்தாதேன்னு தொடையில் அறைந்த கையில்
முந்தின நாள் வைத்த மருதாணியாம்.
வலி மறந்துபோச்சு,
அந்த வாசனைதான் போகமாட்டேங்குது என்றாள்.
மறுநாள் அடிபம்புக்குப் பக்கத்தில் நின்ற
மருதாணியை வெட்டிப்போட்டேன்.
'அந்தச் செடி என்ன பண்ணிச்சு?' என்றாள்.

நர்ஸ் ஜெபமணி ஸ்கூட்டியில் வந்தாள்.
பிரஷர் பார்த்தாள். ரத்தம் பத்துக்கு மேல இருக்கு, நல்லது.
தேதிக்கு ரெண்டு நாள் முந்தியே வந்து சேர்ந்துரணும், என்ன?
'சரிக்கா' என்றாள் ஆவுடைச்செல்வி.
பீரோவுக்குள் சுருண்டு கிடந்தது ரப்பர் ஷீட்.
நான் காபி டம்ளரை ரொம்ப நேரம் கழுவினேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன்.
ரத்தம் நிக்கலைன்னா?
நிக்கும்.
நிக்கலைன்னா?
'நீங்க இருக்கீயள்லா' என்று
புரண்டு படுத்துக்கொண்டாள்.
முப்பது வருஷமாய்ச் சுமை தூக்குகிறவன் நான்.
அந்த ஒரு வார்த்தையை
எந்தத் தோளில் வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அவள் எழுதாததையும் வாங்கினேன்.
டேங்க் நிறைய டீசல், தினமும் சாயங்காலம்.
வண்டியின் மூஞ்சியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி,
தார் நசுங்காமல் இருக்கப் போடுகிற சருகை
பின்பக்கம் இரண்டு மடங்காய்ப் பரப்பி
மேலே இன்னொரு ரப்பர் ஷீட் விரித்தேன்.
ஜெபமணி நம்பரை
'மோட்டார் ரிப்பேர்' என்று பெயர் போட்டு வைத்தேன்.
கேட்டால் சொல்ல மூன்று பொய் தயாராய் இருந்தது.

கேட்கவில்லை அவள்.
வெள்ளிக்கிழமை விடியக்காலம்
சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டு எழுந்துபோனால்
எப்படித்தான் ஏறினாளோ,
வண்டிக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.
ஒரு கை வயிற்றில். மறு கையால்
பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்து
ஆட்டிப் பார்த்துக்கொண்டு.
மலைப் பக்கம் இன்னும் வெளுக்கவில்லை.
நான் டெயில்போர்டில் கைவைத்து நின்றேன்,
மாட்டிக்கொண்டவன்போல.

'குத்துது' என்றாள்.
'மேல ஒரு வேட்டி போடுங்க.'

பீரோவில் மடித்து வைத்திருந்த ஏழில்
நைந்ததாய் ஒன்றை எடுத்தேன்.
பிறகு அதை வைத்துவிட்டு
நல்லதாய் ஒன்று.

பேட்டரி வாங்க இன்னும் மறக்கிறேன்.